ராசுவுக்கு நீங்கள் யார்?

கேள்வி:

ஐயா, காங்கேயம் – தாராபுரம் சாலையில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். எனக்கு வயது 62. வருகிற ஆடியோடு மூன்று வருடம் ஆகிறது. சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஐந்து மயில் முட்டைகள் இருந்தன. தாய் பறந்து போனது, திரும்பி வரவே இல்லை. இரண்டு முட்டையை நாய் குடித்துவிட்டது. மீதி மூன்றை அடைக்கோழிக்கு வைத்தேன். ஒன்றுதான் பொரித்தது. பொரித்த அன்று இரவே அடைக்கோழியைக் கீரி பிடித்துவிட்டது. குஞ்சை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, கரையான் கொடுத்து வளர்த்தேன். ராசு என்று பெயர். கட்டியதில்லை, அடைத்ததில்லை, இறக்கை வெட்டியதில்லை. இரவில் வீட்டு வேம்பில் அடையும். பகலெல்லாம் என் பின்னாலேயே வரும். பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனாலும் கூட வரும். கோபியில் மகள் வீட்டில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். எட்டு நாளும் சரியாக மேயாமல் சாளைக் கூரையில் நின்று கத்திக்கொண்டே இருந்ததாம். சாயங்காலத்தில் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுப் பக்கம் மயில் கத்தினால் இதுவும் எதிர்க்குரல் கொடுக்கும், ஆனால் போகாது. இந்தச் சித்திரையில் இருந்து என் முன்னால் நின்று தோகை விரித்து ஆடுகிறது. ஊரே வந்து பார்த்தது. போன வாரம் 7 வயதுப் பேத்தி என் மடியில் உட்கார வந்தபோது பாய்ந்து நெற்றியில் கீறிவிட்டது. வேனில் ஏற்றிப் போய் அமராவதிக் காட்டில் விட்டுவிடலாம் என்கிறான் மகன். மயில் வைத்திருந்தால் ஜெயில் என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்தில். போன பிறவிப் பந்தம் என்கிறார் பூசாரி. இதை விட்டால் பாவமா, வைத்தால் குற்றமா?

பதில்:

அம்மா,

முதலில் பேத்தியின் நெற்றி. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள். நாய்க்கடி ஊசி போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். பறவை கீறியதால் வராது. ஆனால் ராசுவின் காலைப் பாருங்கள், சேவலுக்கு இருப்பது போலப் பின்பக்கம் முள் முளைத்திருக்கும். நம் நாட்டுச் சேவல் இரண்டு, மூன்று கிலோ. ஆண்மயில் நான்கு முதல் ஆறு கிலோ வரை இருக்கும். அந்தக் கீறல் இரண்டு விரற்கடை கீழே விழுந்திருந்தால் கண் போயிருக்கும். ஆகவே ஆவணி கழியும்வரை குழந்தையைத் தனியாகக் களத்துக்கு விடாதீர்கள். ராசு பக்கத்தில் இருக்கும்போது மடியில் உட்கார்த்திக்கொள்ளவும் வேண்டாம். ஏன் ஆவணி என்று பின்னால் சொல்கிறேன்.

'கரையான் கொடுத்து வளர்த்தேன்' என்று மூன்றே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் ஓலைத் துண்டும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடமாகப் பார்த்துப் பொழுது சாயும்போது கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், எடுத்துத் தட்ட வேண்டும். அதன் பிறகும் பாதி வேலை மீதி இருக்கும். கோழிக்குஞ்சு கொட்டிய உடனே தரையில் பொறுக்கும். மயில் குஞ்சுகள் பலவும் அப்படிப் பொறுக்காது, திகைத்து நிற்கும். விரல் நுனியில் ஒரு கரையானை ஒட்ட வைத்து அலகுக்கு நேராக ஆட்டினால்தான் கொத்தும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படி ஆட்டியிருப்பீர்கள்! உங்களுடைய அந்த விரலில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

போன பிறவியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. இந்தப் பிறவியின் முதல் இரண்டு நாளில் நடந்ததைச் சொல்ல முடியும். மயில், கோழி, வாத்து போன்ற பறவைகளின் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். நடக்கத் தெரிந்த குஞ்சு யார் பின்னால் நடப்பது என்று உடனே தெரிந்துகொண்டாக வேண்டும். தவறினால் பருந்துக்கு இரை. அதனால் அந்த முதல் மணி நேரங்களில் கண் முன்னால் அசைந்து, குரல் கொடுத்து, சூடு தருவது எதுவோ அதைத் தாய் என்று மூளை பதிந்துகொள்கிறது. ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி சாம்பல் வாத்துக் குஞ்சுகளைத் தன் பின்னால் நடக்க வைத்து இதை உலகுக்குக் காட்டினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். சாதாரணமாக அந்தப் பதிவு தாய்மயில் மேல் விழுந்திருக்கும். உங்கள் வீட்டில் அடைக்கோழி மேல் விழ வேண்டியது. கீரி வந்ததால் உங்கள் மேல் விழுந்தது.

இதில் இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. பலர் அறியாததும் உங்களை இப்போது வாட்டுவதும் அதுதான். யாரைத் தாய் என்று பார்த்து வளர்கிறதோ அந்த உருவத்தைத்தான் வயது வந்ததும் தன் இனம் என்று அந்தப் பறவை தேடுகிறது. வியன்னாவில் ஷான்பிரன் மிருகக்காட்சிசாலையில் நடந்த ஒன்றை லோரன்ஸ் சொல்லியிருக்கிறார். குளிரில் கூடப்பிறந்தவையெல்லாம் செத்துப்போக, தப்பிய ஒற்றை மயில் குஞ்சை அங்கிருந்த கதகதப்பான அறையில் விட்டு வளர்த்தார்கள். அது ராட்சத ஆமைகள் இருந்த அறை. குஞ்சு வளர்ந்து ஆண்மயிலானது. பிறகு வாழ்நாள் முழுதும் அது ஆமைகளின் முன்னால்தான் தோகை விரித்தது. பெண்மயில்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆண்மயிலுக்கு இரண்டாம் வருடத்தில்தான் தோகை நீளத் தொடங்கும், முழுத் தோகை வர நான்கு வருடம்கூட ஆகும். ராசுவுக்கு இப்போதுதான் கண் வைத்த இறகுகள் வந்திருக்க வேண்டும். ஆகவே இந்தச் சித்திரையில் தொடங்கிய ஆட்டத்தை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராசு உங்களைப் பெண்மயில் என்று நினைத்து ஆடுகிறது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் கால்நடை மருத்துவன் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் மடியை நோக்கி ஓடிவந்த பேத்தி அதன் கண்ணுக்குக் குழந்தையாகத் தெரியவில்லை. தன் ஆடுகளத்துக்குள் புகுந்த இன்னொரு மயிலாகத் தெரிந்தாள். அது பொல்லாத பறவை இல்லை. எந்த ஆண்மயிலும் இந்தப் பருவத்தில் செய்வதைத்தான் செய்தது. மகனுடைய பைக் கண்ணாடியையும் கொத்தியிருக்குமே, பார்த்தீர்களா? அதில் தெரிவதையும் எதிரி என்றுதான் நினைக்கும். பைக்கை நிறுத்தியதும் கண்ணாடியில் ஒரு பையை மாட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் இதில் பாசமே இல்லையா என்று நீங்கள் மனம் வாடக்கூடும். எட்டு நாள் மேயாமல் கூரையில் நின்று கத்தியதைப் பாசம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தவிப்பு உண்மை. ஆனால் அது யாருக்கான தவிப்பு என்பதில்தான் நாம் தவறிப்போகிறோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன் ஆண்டது நம் பழனி மலைப்பக்கம்தான். மயில் அகவியதைப் பார்த்துக் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். மயிலுக்குக் குளிரவில்லை. உடம்பு நிறைய இறகு உள்ள பறவைக்கு எதற்குப் போர்வை? அவன் மனிதக் கண்ணால் மயிலைப் பார்த்தான். ராசு மயில் கண்ணால் உங்களைப் பார்க்கிறது. நான் பேகனைக் குறை சொல்லவில்லை. அந்தப் போர்வையும் உங்கள் முந்தானையும் ஒரே தறியில் நெய்தவை. ஆனால் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்த மயில் போர்வையை என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. உங்களுக்கு அதைக் கேட்க வேண்டிய வேளை வந்திருக்கிறது.

இனி உங்கள் மகன் சொன்னது. தயவுசெய்து வேனில் ஏற்றாதீர்கள். நானே ஒரு தடவை அப்படிச் சொல்லி ஒரு பறவையைச் சாகக் கொடுத்தவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். கையில் வளர்ந்த ஒரு பெண்மயிலைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் மருந்தகத்துக்குத் தூக்கி வந்தான். வீட்டில் திட்டுகிறார்கள் என்றான். 'மலையடிவாரத்தில் விட்டுவிடு, அதன் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்' என்று பெரிய அறிவாளி போலச் சொன்னேன். அவனும் அவன் மாமாவும் போய் விட்டுவிட்டு வந்தார்கள். நான்காம் நாள் காலையில் மருந்தகத் திண்ணையில் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். மயில் காட்டுக்குள் போகவே இல்லை. மனிதக் குரல் கேட்ட பக்கமாக நடந்து போய், அடிவாரத்தில் பட்டி போட்டிருந்த ஆட்டுக்காரர்களிடம் போயிருக்கிறது. பட்டி நாய்கள் விடவில்லை. பையன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு பழுப்பு இறகை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாருக்கும் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ராசுவுக்கும் அதுதான் நடக்கும். மனிதர் இருக்கும் பக்கம்தான் தன் கூட்டம் இருக்கும் பக்கம் என்று அது நம்புகிறது. போதாததற்கு, புது இடத்தில் ஏற்கெனவே எல்லை பிடித்திருக்கும் ஆண்மயில்கள் இருக்கும். மேலும் அமராவதி வனச்சரகம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் ஒரு காட்டுப் பறவையை ஏற்றிக்கொண்டு போய் அங்கே நுழைந்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிற ஜெயில் பேச்சு அப்போதுதான் நிஜமாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், புலிக்கும் யானைக்கும் உள்ள முதல் அட்டவணையில்தான் மயிலும் இருக்கிறது. பிடிப்பது, அடைத்து வைப்பது, கொல்வது எல்லாமே குற்றம். காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதைக்கூட அந்தச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. அன்று நீங்கள் முட்டையை எடுத்தது நாயிடமிருந்து காப்பாற்றத்தான் என்றாலும், அன்றே வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது சொல்லுங்கள். கட்டாமல், அடைக்காமல் வளர்த்தது உங்கள் பக்கம் உள்ள பெரிய நியாயம். நடந்ததை நடந்தபடி ஒரு மனுவாக எழுதி, மகனோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பறவையை எடுத்துக்கொண்டு போய் அடைக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே மெல்லக் காட்டுப்பக்கம் திரும்ப வழி செய்யுங்கள் என்று அந்த மனுவிலேயே கேளுங்கள்.

இப்படி எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்து இளைஞர் ஒருவர் 2022இல் கால் முறிந்து கிடந்த சாரஸ் கொக்கைக் காப்பாற்றினார். அதையும் அவர் அடைத்து வைக்கவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் போனால் கூடவே பறந்து வந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அதைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அது நிற்கவில்லை. கடைசியில் கான்பூர் மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்குப் போனது. அவர் பார்க்கப் போனபோது அந்தக் கொக்கு கூண்டுக்குள் துள்ளியதை நாடே பார்த்தது. வனத்துறை செய்தது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ராசு கூண்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேட்கக் கடினமாக இருக்கும். ராசுவை எங்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும்.

அது தோகை விரித்தால் நின்று பார்க்காதீர்கள், பேசாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எதுவும் நடக்காதது போல வீட்டுக்குள் போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் கைப்பேசியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். அவர்கள் பழக்கிவிட்டுப் போகிற துணிச்சல்தான் நாளைக்கு அதன் உயிருக்கு உலை வைக்கும். விளைந்த காட்டில் மயில் இறங்கினால் யாருக்கும் கோபம் வருகிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மயில் பார்க்க மலைக்கோயிலுக்குப் போவோம். இன்று காங்கேயத்தில், தாராபுரத்தில், பல்லடத்தில் தக்காளிக்கும் கடலைக்கும் காவல் இருக்கிறவர்கள் தூங்குவதில்லை. அவர்கள் நட்டமும் உண்மை. மனிதரைக் கண்டால் ஓடுகிற மயில் அந்தக் காட்டில் தப்பித்துக்கொள்ளும். ராசு ஓடாது, கிட்டே போய் நிற்கும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாய்ந்து வந்தால் அடிக்காதீர்கள், முதுகு காட்டி ஓடவும் வேண்டாம். ஒரு முறத்தை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், போய்விடும்.

கையில் தீனி கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கோழிகளுக்குப் போடும்போது அது சேர்ந்து தின்பதையும் தடுக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் நோய் கோழியில் இருந்து மயிலுக்கும் வரும். ஒன்றாக மேய்ந்தால் குடற்புழுவும் சேர்ந்து தொற்றும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று பாருங்கள். முதல் ஒரு மாதத்துக்கு மட்டும், விடியற்காலையில் ஒரு கைப்பிடி சோளத்தைக் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், கொரங்காட்டில் காட்டு மயில்கள் இறங்குகிற இடத்தில், உங்கள் மகன் போய் இறைக்கட்டும். நீங்கள் போகக் கூடாது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு ஒரு நாள், பிறகு வேண்டாம். பட்டினி கிடக்கும் என்று பயப்படாதீர்கள். வெட்டுக்கிளி, கரையான், புல் விதை, ஓணான் குட்டி என்று கொழுக்கட்டைப் புல்லுக்குள் அதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. மூன்று வருடமாகப் பாதி வயிற்றை அதுவே நிரப்பித்தான் வருகிறது.

வேம்பில் அடைவதை விரட்ட வேண்டாம். இரவில் உயரமான மரம்தான் அதற்கு வீடு.

அதோடு, நீங்கள் கோபிக்குப் போய் வாருங்கள். எட்டு நாள் போதாது, ஒரு மாதம் இருங்கள். ஆனால் இப்போது போகாதீர்கள், ஆவணி பிறக்கட்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயிலின் தோகை இறகுகள் உதிர்ந்துவிடும். உடம்பில் ஓடுகிற வேகமும் அப்போது தணியும். பாய்ச்சல் குறையும், ஆட்டம் நிற்கும், மயில்கள் சேர்ந்து மேயும். ராசுவின் தவிப்பு மிகக் குறைவாக இருக்கும் காலம் அதுதான். விலகிப் போக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இந்த வருடமே முழுதும் மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வியன்னா மயில் மாறவே இல்லை. ஆனால் அது நான்கு சுவருக்குள் ஆமைகளோடு வளர்ந்தது. ராசுவுக்கு வேலிக்கு அப்பால் தன் கூட்டம் இருக்கிறது. தினமும் அவற்றின் குரல் காதில் விழுகிறது.

இனி ஒருபோதும் முட்டையைக் கண்டால் எடுக்காதீர்கள். நாயைக் கட்டிப்போட்டு, அந்த நான்கு சால் தட்டை அறுக்காமல் விட்டுவிடுங்கள். மயில் 28 நாள் அடைகாக்கும், தாய் அந்தியில் திரும்பி வரக்கூடும். வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அழிவின் விளிம்பில் இருந்த ஒரு கொக்கு இனத்தின் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் உடம்பு முழுதும் வெள்ளை அங்கி போர்த்தி, கையில் கொக்குத் தலைப் பொம்மையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தீனி ஊட்டுவார்கள். குஞ்சு மனித முகத்தைப் பதிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இவ்வளவு பாடு. உங்களுக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. கீரி கோழியைப் பிடித்த அந்த இரவில் குஞ்சுக்கு வேறு சூடும் இல்லை. அதனால் பாவம் என்ற சொல்லை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், சாயங்காலத்தில் கொரங்காட்டு மயில்களுக்கு ராசு எதிர்க்குரல் கொடுக்கிறது என்று. நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். கோபிக்குக் கிளம்பும் முன்பு மகனிடம் ஒரு நோட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். தினமும் பொழுது சாயும் நேரத்தில் ராசு எங்கே நின்று குரல் கொடுக்கிறது என்று மட்டும் எழுதி வைக்கட்டும்: கூரை மேலா, வேம்பிலா, கிளுவை வேலி மேலா, வேலிக்கு அந்தப் பக்கமா. ஐப்பசியில் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். அடுத்த சித்திரைக்கு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.